ஹவில்தார் பதில்கள்: கல்லில் எண்ணிக்கை மட்டும்

கேள்வி: வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-ல் தொடங்கிய பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், "சம்பளத்துக்காக வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் எப்படித் தியாகி ஆவார்கள்?" என்கிறான். என்ன சொல்லட்டும்?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பையன் கேட்டதில் பாதி சரிதான் அம்மா. அன்றைக்குச் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். பாலாறு வறண்டால் வயிறும் வறளும் ஊரில் அது பெரிய காசு. நானும் சம்பளத்துக்குத்தான் போனேன். கணியம்பாடிப் பக்கத்து ஆள் நான். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே ஒரு பெரியவரை நிறுத்தி ஏன் பட்டாளத்துக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். தங்கச்சி கல்யாணம், அடமானத்தில் கிடந்த நிலம், அண்ணன் முன்னாடியே போயிருந்தார் என்பார். தேசபக்தி எல்லாம் இரண்டாவது டீக்கு அப்புறம்தான் வரும்.

பட்டாலியன் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன் நான். இறந்துபோன ஜவானின் ட்ரங்க் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவை 20 வயசுப் பையனுடைய பெட்டி வந்தது. ஒரு ஜோடி செருப்பு, பிரிக்காத பனியன் இரண்டு, லீவுக்குக் காட்பாடி வரைக்கும் எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட், வட்டிக்காரருக்கு இதுவரை கட்டியது எவ்வளவு என்று பென்சிலில் போட்ட கணக்கு. பாக்கி 1,400 ரூபாய். அதைப் பட்டியலில் எப்படிக் காட்டுவது என்று சுபேதார் சாகிபிடம் கேட்டேன். "இதர காகிதங்கள்னு போடுப்பா" என்றார். அந்தப் பையனிடம் தியாகம் என்று பேசியிருந்தால் சிரித்திருப்பான். கடன் அடைக்க வந்தவன், அடைபடும் முன்னே போய்விட்டான். சம்பளம் வாங்கினான் என்பதற்காக அவன் கொடுத்தது குறைந்துவிடுமா?

என் கோபம் வேறு. மணிக்கூண்டுக் கல்லில் அந்த 14 பேருக்குப் பெயர் இல்லை. இது வேலூரோடு போகவில்லை. அதே போரில் மெசபொடேமியாவில், இன்றைய இராக்கில், செத்தவர்களுக்காக அங்கே பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. நம் ஆட்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர்; மற்றவர்களுக்கு ரெஜிமென்ட்டும் எண்ணிக்கையும்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாரபட்சத்துக்கு மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2021-ல்! டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதுவாவது தேவலை.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பதிவு இருக்கிறது. பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம்கூட உண்டு. வட ஆற்காடு என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடட்டும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் கடித்துத் துப்பியிருப்பான், பொறுமை வேண்டும். கிடைக்கிற பெயர்களை அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: என் தம்பி மகனுக்கு 18 வயசு. அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். வீட்டில் ஒரே அழுகை. தடுக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். வேலை நான்கு வருஷம். திட்டம் அறிவித்தபடி அதற்குப் பிறகு நிரந்தரமாவது 25 சதவீதம் பேர் வரைதான். ஐந்தாம் வருஷம் என்ன செய்வாய் என்று இப்போதே கேளுங்கள். 48 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதை அவன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அழுகைக்கு நடுவில் வேண்டாம். அப்புறம், தார் ரோட்டில் ஓட விடாதீர்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னாலேயே முட்டி போய்விடும்.