எக்ஸ்ப்ளாய்ட் பழக என்ன லேப்டாப் வேண்டும்?

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பைனரி எக்ஸ்ப்ளாய்டேஷன் (கம்பைல் செய்த நிரலில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி அதை நம் இஷ்டத்துக்கு ஓட வைப்பது) பழக ஆசை. கையில் இருப்பது 8 ஜிபி ரேம், இன்டெல் பிராசஸர், விண்டோஸ் 11 லேப்டாப். இது போதுமா? பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸ் போட வேண்டுமா? ஒரு பழைய டுடோரியலைப் பார்த்து அப்படியே செய்த பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்துக்கு மேல் தரவைக் கொட்டி நிரலை உடைப்பது) எனக்கு வேலை செய்யவே இல்லை.

பதில்: லேப்டாப் போதும், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். நாம் நோண்டப்போவது சில கிலோபைட் அளவுள்ள குட்டி நிரல்களை. பெரும்பாலான பயிற்சிகள் இன்டெல் பிராசஸர் வகையான எக்ஸ்86-64-க்கு எழுதப்பட்டவை என்பதால் இன்டெல் இருப்பது வசதிதான். எம்1, எம்2 மேக் வைத்திருப்பவர்கள்தான் எமுலேஷனோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

காளி தேவையில்லை. அதோடு வரும் கருவிகளில் பெரும்பங்கு நெட்வொர்க், வெப் சோதனைக்கானவை. வர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுன்டு 22.04 லினக்ஸ் போடுங்கள். டெஸ்க்டாப் திணறினால் சர்வர் பதிப்பைப் போட்டு, 2 ஜிபி ரேம் கொடுத்து, விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகலாம். எப்படியும் வேலை முழுக்க டெர்மினலில்தான். சி நிரலைக் கம்பைல் செய்ய ஜிசிசி, 32 பிட் நிரல்களுக்கு ஜிசிசி-மல்டிலிப், ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க ஜிடிபி, அதன் மேல் போன்டிபிஜி (pwndbg), எக்ஸ்ப்ளாய்ட் எழுத பைத்தானில் போன்டூல்ஸ் (pwntools). இவ்வளவுதான். (24.04 போட்டிருந்தால் பைத்தானின் நிறுவியான பிப் முரண்டு பிடிக்கும். வர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.) எல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். ஷேர்டு ஃபோல்டர் வேண்டாம். பயிற்சி பைனரிகள் எல்லாம் யாரோ எழுதியவை.

சரி, டுடோரியல் ஏன் வேலை செய்யவில்லை? பிழை உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. அதை எழுதிய காலத்து லினக்ஸ் வேறு. இன்றைய உபுன்டுவில் ஜிசிசி தானாகவே ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) கேனரி என்ற காவல் மதிப்பை வைக்கிறது, ஸ்டாக்கில் கோட் ஓடவிடாமல் தடுக்கிறது, நிரலை எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய பிஐஇ (PIE) வடிவத்தில் கட்டுகிறது. போதாததற்கு ஏஎஸ்எல்ஆர் (ASLR) என்ற பாதுகாப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரிகளைக் கலைத்துப் போடுகிறது. எந்தப் பைனரியைத் தொட்டாலும் முதலில் செக்செக் கட்டளையில் கொடுத்து, இவற்றில் எவையெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். முதல் மூன்றையும் கம்பைல் செய்யும்போதே அணைக்கலாம். ஏஎஸ்எல்ஆர் லினக்ஸ் கெர்னலின் ஒரு செட்டிங்; அதன் மதிப்பு வழக்கமாக 2 என்று இருக்கும், 0 ஆக்கினால் அணையும். ரீபூட் செய்தால் திரும்ப வந்துவிடும்.

இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜிடிபி தனக்குள் ஓடும் நிரலுக்கு ஏஎஸ்எல்ஆரைத் தானே அணைத்துவிடும். உள்ளே அழகாக ஓடிய எக்ஸ்ப்ளாய்ட் வெளியே வந்ததும் செத்துப்போகும். ஏஎஸ்எல்ஆரை அணைத்தபின்னும் ஸ்டாக் முகவரி கொஞ்சம் நகர்ந்தே இருக்கும், ஏனென்றால் ஜிடிபி சில என்விரான்மென்ட் மாறிகளைச் சேர்க்கிறது. நானும் ஆரம்பத்தில் இரண்டு ராத்திரி இதில் தொலைத்தேன்.

இன்னொன்று. 64 பைட் பஃபரில் 'ஏ' எழுத்தை நிறையக் கொட்டினால், 32 பிட்டில் இஐபி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) 41414141 என்று காட்டும்; 41 என்பது 'ஏ'-யின் ஹெக்ஸ் எண். 64 பிட்டில் அதே வேலையைச் செய்யும் ஆர்ஐபியில் அதைத் தேடாதீர்கள். அது செல்லாத முகவரி என்பதால் பிராசஸர், ஃபங்ஷனிலிருந்து திரும்பும் ரெட் (ret) கட்டளையிலேயே நின்றுவிடும். ஸ்டாக்கின் உச்சியைக் குறிக்கும் ஆர்எஸ்பி காட்டும் இடத்தில்தான் உங்கள் 41-கள் இருக்கும். வழக்கமாக 72 பைட்டுக்குப் பிறகு ரிட்டர்ன் முகவரி வரும்: பஃபர் 64, சேமித்த ஆர்பிபி ரெஜிஸ்டர் 8. ஆனாலும் ஊகிக்காமல் போன்டூல்ஸின் சைக்ளிக் (திரும்ப வராத எழுத்துக் கோவையை உருவாக்குவது) கொண்டு அளந்துவிடுங்கள். அப்புறம், சிஸ்டம் ஃபங்ஷனுக்குச் சரியாகப் போய் அங்கே மூவாப்ஸ் என்ற கட்டளையில் விழுந்தால், ஸ்டாக் 16 பைட் எல்லையில் இல்லை என்று அர்த்தம். ஸ்டாக்கில் நீங்கள் அடுக்கும் ரிட்டர்ன் முகவரிகளின் சங்கிலியில் கூடுதலாக ஒரு ரெட் கட்டளையின் முகவரியைச் சேர்த்தால் சரியாகும்.

பழக பிகோசிடிஎஃப் (picoCTF) என்ற ஹேக்கிங் பயிற்சித் தளம் இருக்கிறது, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்துவது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் போன் காலேஜ் (pwn.college) தளத்தில் பிரவுசருக்குள்ளேயே லினக்ஸ் தருகிறார்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

முதல் வாரம் எல்லாப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு, நீங்களே எழுதிய பத்து வரி சி நிரலை உடையுங்கள். உடைந்ததும் கேனரியை மட்டும் திரும்பப் போட்டு அதே இன்புட்டைக் கொடுங்கள். 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று திட்டும். அடுத்த வாரத்துக்கு அதுதான் வேலை.