ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கடலூரில் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். என் மகனுக்கு 24 வயது, மீன் ஏற்றி இறக்கும் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோயில் திருவிழாத் தகராறில் பக்கத்துத் தெருக்காரர்கள் கொடுத்த வழக்கு இன்னும் நடக்கிறது. போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு கொலை நடந்தது. அதிலிருந்து போலீஸார் விடியற்காலை நான்கு மணிக்கு வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளை உடைத்தார்கள், அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள், மகனின் செல்போனையும் மீன் வெட்டும் கத்தியையும் எடுத்துப் போனார்கள். எதற்கும் ரசீது இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நிற்கக்கூடாதாம். இது நியாயமா? போலீஸார் மீது வழக்குப் போடலாமா? இப்போது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலிருந்து மகனுக்கு சம்மன் வந்திருக்கிறது. ‘ஒரு கையெழுத்துதான், போட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்கள்’ என்கிறார் ஏட்டு.

பதில்: அம்மா, முதலில் எழுத வேண்டியதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். தாழ்ப்பாளைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்து உங்கள் மகனின் ஓராண்டை, ஏன் மூன்றாண்டைக்கூட, அடகு வைத்துவிடும்.

சோதனை சட்டப்படி நடந்ததா என்றால், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இல்லை. வாரண்ட் இல்லாமல் நுழைய வேண்டுமானால் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு பிரதியை உங்களுக்குத் தர வேண்டும். கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீடு புகுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே கரக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும், அதில் கிடைத்த பொருளை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடாது. உச்ச நீதிமன்றத்தின் பூரண்மல் தீர்ப்பிலிருந்து இதுதான் நிலைமை. அந்தக் கத்தியைக் காட்டி ஏதாவது வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். செல்போனைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் தனி மனுப் போடலாம்.

பத்து மணிக் கட்டுப்பாடும் அப்படித்தான். வாயால் சொல்லி ஊரடங்கு போட எந்த இன்ஸ்பெக்டருக்கும் அதிகாரம் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 163-இன் கீழ், அதாவது பழைய 144-இன் கீழ், நிர்வாக நடுவர் (ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரி) எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அதுவும் இரண்டு மாதம்தான் செல்லும், அதற்கு மேல் நீட்டிக்க அரசு ஆணை வேண்டும். ஆனாலும் உங்கள் மகன் பத்து மணிக்கு வீட்டுக்குள் இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே படியுங்கள்.

சம்மனில் அதே சட்டத்தின் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 126 என்றால் அமைதி காக்கும் பிணை, அதாவது தகராறு செய்யமாட்டேன், மீறினால் இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது, அதிகபட்சம் ஓராண்டு. 129 என்றால் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று சொல்லி வாங்கும் நன்னடத்தைப் பிணை, மூன்றாண்டு வரை போகலாம். பழைய சட்டத்தில் 107, 110 என்று இருந்தவைதான் இவை. இன்னாருடன் தகராறு, அமைதி கெடும் என்று யாரோ ஒருவர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அது உண்மையா என்று விசாரித்துத்தான் பிணை கேட்க முடியும். விசாரணை வேண்டாம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுப்பதுதான் ஏட்டு சொல்லும் அந்த ‘ஒரு கையெழுத்து’.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வெல்டிங் வேலை செய்பவர், இதே மாதிரி கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் மாதம் பெட்ரோல் பங்க்கில் சில்லறை பாக்கிக்காக வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, ஒரு வழக்கு. வேறு நேரமாக இருந்தால் ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வந்திருப்பார். பிணையை மீறினார் என்று மீதி மூன்று மாதமும் கேப்பர் மலைச் சிறையில் இருந்தார். பெட்ரோல் பங்க் வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. சிறையில் கழித்த நாட்களை யார் திருப்பித் தருவது? வீட்டுவரி ரசீதைக் கொடுத்துப் பிணை நின்ற மைத்துனருக்குப் பிணைத்தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. பத்திரிகையில் ‘நன்னடத்தை பிணையை மீறியவர் சிறையில் அடைப்பு’ என்று இரண்டு வரிச் செய்தி அடிக்கடி வருகிறதே, அவர்களில் பலர் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிணையை மீறியவரை மீதிக் காலத்துக்குச் சிறையில் வைக்கச் சொல்லும் பிரிவு 141, அமைதி காக்க எழுதிக் கொடுத்த பிணையைப் பற்றித்தான் பேசுகிறது. நன்னடத்தைப் பிணைக்கும் அதையே நீட்டிப் போட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆனால் அது உள்ளே போன பிறகு நடத்தும் சண்டை. சென்னை உறவினர்கள் யாராவது 2023 தீர்ப்பைச் சொல்வார்கள். போலீஸ் துணை ஆணையர்களுக்கு நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ரத்து செய்தது. கடலூரில் பிணை கேட்பவர் வருவாய்க் கோட்டாட்சியர், போலீஸ் அதிகாரி அல்ல. அந்தத் தீர்ப்பை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், வாரண்ட் வரும்.

போலீஸார் மீது வழக்கு இப்போது வேண்டாம். உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஏழைகள் குடியிருக்கும் தெரு என்றால் கதவைத் தட்டக்கூட வேண்டியதில்லை என்று நினைப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் நீங்கள் ஜெயிப்பதற்குள் உங்கள் மகன் மீது இன்னும் இரண்டு வழக்குகள் சேர்ந்தால், பேச்சு குண்டர் சட்டத்துக்குப் போய்விடும். அதில் ஓராண்டு வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். உடைந்த தாழ்ப்பாளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நடந்ததை எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஓராண்டு அவகாசம் இருக்கிறது. ஆர்.டி.ஓ. விவகாரம் முடிந்ததும் போகலாம்.

அதைவிட அவசரம், அந்தத் திருவிழா வழக்கை முடிப்பது. பக்கத்துத் தெருக்காரர்களோடு சமரசமாகப் போங்கள். யார் முதலில் அடித்தார்கள் என்று இனி பேச வேண்டாம். மருத்துவச் செலவு கேட்டால் பேரம் பேசிக் கொடுத்துவிடுங்கள். சாதாரணக் காயம் என்றால் மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் பதிவு செய்யலாம். ஆயுதத்தால் தாக்கியதாகப் பிரிவு இருந்தால், சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-இன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். தகராறே இல்லை என்று எதிர்த்தரப்பே எழுதிக் கொடுத்த பிறகு, அமைதி கெடும் என்ற அறிக்கைக்குக் கால் இருக்காது.

வாய்தா அன்று வக்கீலோடு போங்கள். ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஆறு மாதத்தில் விசாரணை முடியாவிட்டால், நீட்டிக்கத் தனிக் காரணம் எழுதாத வரை நடவடிக்கை தானாகவே விழுந்துவிடும். இடையில் தற்காலிகப் பிணை கேட்டால், அதற்கான அவசரக் காரணம் உத்தரவில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வக்கீல் பார்க்கட்டும். விசாரித்தே உத்தரவு போட்டாலும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ ஏற்கெனவே மகன் கையெழுத்துப் போட்டிருந்தால், வக்கீலிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.