ஜாக் ஜோடியைக் கவிழ்த்தது சரியா?

தம்பி, மார்த்தாண்டத்தில் கூட்டாளிகளோடு பைசா வைக்காமல் ஆடிய போக்கர் சீட்டாட்ட டோர்னமெண்டில், கடைசி 5 பேரில் 9 பிக் ப்ளைண்டோடு, அதாவது கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத்தைப் போல் 9 மடங்கு சிப்ஸ் மட்டும் இருந்தபோது, கையில் வந்த ஜாக் ஜோடிக்குச் சின்ன ரெய்ஸ் போட்டு (பந்தயத்தைக் கொஞ்சம் ஏற்றி), ப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் 3 பொதுச் சீட்டில்) கிங் வந்ததும் சீட்டைக் கவிழ்த்து விலகியது சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

கவிழ்த்ததை விட அந்தச் சின்ன ரெய்ஸ்தான் தப்பு. ஜாக் ஜோடிக்கு மேல் குயின், கிங், ஏஸில் ஒன்றாவது ப்ளாப்பில் விழும் வாய்ப்பு 57 சதவீதம். பாதிக்கு மேல் இந்தச் சங்கடம் வரத்தான் செய்யும். முதலிலேயே ஆல்-இன் (இருக்கும் சிப்ஸ் எல்லாவற்றையும்) போட்டிருந்தால் கிங்-ஒன்பது வைத்திருப்பவர் பெரும்பாலும் விலகியிருப்பார். ஏஸ்-கிங்கோடு வந்தாலும், மேசையில் விழும் 5 சீட்டையும் விலகாமல் பார்ப்பதால் நமக்குத்தான் கொஞ்சம் மேல்கை. நாகர்கோவிலில் நானும் பத்தாம் நம்பர் சீட்டு ஜோடியை இப்படித்தான் விட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

ஏஸ் ஜோடி என்றால் சரி, சின்ன ரெய்ஸ் போட்டு ஆளை உள்ளே இழுக்கலாம். ஜாக்கோடு அது வேண்டாம்.