பால் கவரைக் கழுவித்தான் கொடுக்க வேண்டுமா?

காரைக்குடியில் புதிதாகக் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார்: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தால் போதாதா, கவரை எதற்குக் கழுவ வேண்டும்?

கழுவத்தான் வேண்டும். கவரில் ஒட்டியிருக்கும் பால் ஒரே நாளில் புளித்து நாறும், புழு வைக்கும். அதோடு பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் நனைத்துவிடும். நனைந்து நாறும் காகிதத்தைப் பழைய பேப்பர் கடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஆச்சி கவரை ஒரு அலசு அலசி, முற்றத்துக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைப்பார். வாரம் ஒருமுறை கட்டாகக் கட்டிக் கொடுப்பார். வெட்டும்போதும் மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு யார் கையிலும் சிக்காமல் நேரே சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, கவரோடு ஒட்டியே விடுங்கள்.

பலகாரம் சுட்ட எண்ணெய்க் காகிதம் மறுசுழற்சிக்கு ஆகாது, மக்கும் குப்பையில் போடலாம். சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு ஒட்டியது, உருக்கிப் பிரிப்பது கடினம். அதனால் பல இடங்களில் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது.

பேட்டரி, காலாவதி மருந்து போன்றவை இந்த இரண்டிலும் சேராத தனி வகை. அவற்றைத் தனியாகத் தர வேண்டும். அப்புறம், நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, உள்ளே என்ன என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். குப்பையைக் கிளறுவது தூய்மைப் பணியாளர் அக்காவின் கை. பல நேரம் அந்தக் கையில் உறைகூட இருப்பதில்லை.