நிற்கும் கப்பலுக்கு எதற்கு எண்ணெய்?

கேள்வி: துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலும் எண்ணெய் எரிக்குமாமே? எவ்வளவு என்று எப்படிக் கணிப்பது, ஐயா?
– ஒரு மாணவன், கிளிநொச்சி

பதில்: எரிக்கும், தம்பி. பெரிய எஞ்சின் நின்றாலும் விளக்கு, பம்பி, குளிரூட்டிய கொள்கலன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அதற்குத்தான் துணை எஞ்சின்கள். ஒரு கிலோவாற் மணிக்கு ஏறத்தாழ 200 கிராம் எண்ணெய். சுமை 500 கிலோவாற் என்றால் ஒரு நாளைக்கு 2.4 தொன். எஞ்சினில் பொறித்திருக்கும் முழுவலுவைப் போட்டுக் கணக்குப் பார்க்காதே; உண்மையில் ஏறும் சுமை அதைவிடக் குறைவு.

பலரும் மறப்பது பொயிலரை. பரந்தன் பக்கம் நெல் அவிக்கும் ஆலையில் உமி எரித்து நீராவி எடுப்பதைப் பார்த்திருப்பாய்; அதே வேலைதான். கடலில் ஓடும்போது பெரிய எஞ்சினின் புகைச்சூடே நீராவி தந்துவிடும். கப்பலைக் கட்டியதும் அந்தச் சூடு போய்விடும், பொயிலருக்குத் தனியாகத் தீ மூட்ட வேண்டும். அந்த நீராவிதான் கனத்த எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும்; ஆறினால் தார் போல இறுகிவிடும். நான் எஞ்சின் அறையில் இருந்த காலத்தில், காவல் மாறும்போதெல்லாம் அந்த எண்ணெய்க் குழாயின் சூட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

எண்ணெய்க் கப்பல்களில் சரக்குப் பம்பியே நீராவியில் ஓடுவதுண்டு. அங்கே பொயிலர்தான் பெரிய தீனிக்காரன்.

அளவீடு கையில் இல்லையென்றால், சர்வதேச கடல்சார் அமைப்பின் 2020 ஆம் ஆண்டு ஆய்வில் துணை எஞ்சின், பொயிலர் சுமைக்கான அட்டவணை இருக்கிறது. கப்பலின் வகை, பருமன் பார்த்து, கட்டியிருக்கிறதா, நங்கூரத்திலா, துறைக்குள் நகர்கிறதா, கடலில் ஓடுகிறதா என்று தனித்தனியே எடு.