மகள் ஓவியராகப் போகிறாளாம்

மகள் ஓவியராகப் போகிறேன் என்கிறாள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தையும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவளுடைய 22 படங்களையும் பார்த்தேன் அம்மா. கை நன்றாகப் படிந்திருக்கிறது. உயர்நிலை நான்கில் படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சமும் நிழலும் இந்த அளவு பிடிபடுவது சாதாரணமில்லை. அதனால் "திறமை இருக்கிறதா?" என்ற உங்கள் முதல் கேள்விக்கு, இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. அந்த 22ல் ஒன்றுகூட இன்னொருவர் கேட்டு வரைந்ததில்லை. அவளுக்குப் பிடித்த முகங்கள், பிடித்த நிறங்கள், தோன்றிய நேரத்தில் தோன்றிய படங்கள்.

சுயதொழில் ஓவியருக்கு அடுப்பு எரிவது இன்னொருவர் கேட்டு வரைகிற படத்தில்தான். உங்கள் வீட்டுக்காரர் "ஞாயிற்றுக்கிழமை வரையட்டும், மற்ற நாள் வேலைக்குப் போகட்டும்" என்கிறார். மகள் "நான் ஃப்ரீலான்ஸ்தான் செய்வேன்" என்கிறாள். இருவருமே இந்த வேலையை நேரில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அதனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்போது ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். ஒரு தீபாவளிக்கு இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மெனு அட்டை வரைந்தாள். வாழை இலைச் சாப்பாடு, சாதத்தைப் பிசைகிற ஒரு கை. மூன்று நாள் உட்கார்ந்து அப்பளத்தின் கொப்புளம் வரை வரைந்திருந்தாள். கடைக்காரர் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கும்மா, ஆனா இலையைத் திருப்பிப் போட்டிருக்கியே" என்றார். இலை நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வரவேண்டும், இவள் வலப்பக்கம் போட்டிருந்தாள். அதற்கென்ன, டேப்லெட்டில் படத்தை அப்படியே இடவலமாக மாற்ற ஒரு நொடி போதும். மாற்றினாள். நுனி சரியான பக்கம் வந்துவிட்டது, சாப்பிடுகிற கை இடக்கையாகிவிட்டது! தீபாவளிச் சாப்பாட்டை இடக்கையால் பிசைகிற படத்தை எந்தக் கடைக்காரர் மாட்டுவார்? இரவு முழுக்க உட்கார்ந்து கையை மறுபடி வரைந்தாள்.

இரண்டாவது முறை, கடைப் பலகையின் பச்சை நிறமும் இலையின் பச்சையும் ஒத்துவரவில்லை என்றார். மூன்றாவது முறை, "கூட்டை எடுத்துடும்மா, நாங்க இப்பல்லாம் பொரியல்தான் வைக்கிறோம்." அங்கேதான் அவள் கெட்டிக்காரி. இரண்டு திருத்தம் வரை சேர்த்துத்தான் விலை, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 80 வெள்ளி என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் அவளைத்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் மகளிடம் நான் தேடுவது இதைத்தான். இலை தப்பு என்று ஒருவர் சொன்னால் முகம் சுருங்கி அறைக்குள் போய்விடுவாளா, மறுபடி பென்சிலை எடுப்பாளா? மதிப்பெண் அட்டையில் அது தெரியாது.

காசு விஷயத்துக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் பாதி அதுதான். சம்பள வேலையில் உங்கள் மகள் வயதுக்காரர்களுக்கு மசேநிதியில், அதாவது மத்திய சேமநிதியில், ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. சுயதொழிலில் அந்த 17 கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு மட்டும் கட்டுவது கட்டாயம், மீதியெல்லாம் அவளாகப் போட்டால் உண்டு. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டு இருக்காது, வருமான வரி மதிப்பீட்டுக் கடிதத்தைத்தான் காட்டவேண்டும். அதனால் வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டுகிற பழக்கம் முதல் வருடத்திலிருந்தே வேண்டும்.

பணம் வருகிற நாளும் நம் கையில் இல்லை. மேலே சொன்ன பெண்ணுக்கு ஒரு நிறுவனம் ஐந்து மாதம் இழுத்தடித்தது. வாரம் ஒரு மின்னஞ்சல், ஒவ்வொன்றுக்கும் "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்று ஒரே பதில். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று எழுதிய மறுவாரம் பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் பணம் வந்தது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம், இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ஆனால் கையில் எழுத்து இருக்கவேண்டும். வேலை என்ன, எவ்வளவு, எப்போது பணம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தர நெறியும் 2018லிருந்து இருக்கிறது. நம் ஆட்கள்தான் "தெரிஞ்சவங்கதானே" என்று வாய்வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

இன்னொன்று, காப்புரிமை, அதாவது காப்பிரைட். சுயதொழிலாக வரைந்த படம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, வரைந்தவருக்கே சொந்தம். 2021ல் வந்த காப்புரிமைச் சட்டத்தில், படத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் வரைந்தவர் பெயரைப் போடவேண்டும் என்ற உரிமையும் சேர்ந்தது. "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று ஒரு வரியை நடுப்பக்கத்தில் நுழைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். மெனு அட்டைக்கு வரைந்த கை நாளைக்கு டீ சட்டையிலும் வரும், இவளுக்கு ஒரு வெள்ளி வராது. கொடுக்கலாம், தப்பில்லை. அதற்குத் தனி விலை வாங்கிக்கொண்டு கொடுக்கவேண்டும்.

ஏஐ வந்துவிட்டதே என்றும் கேட்டிருந்தீர்கள். அடிமட்ட விலை வேலைகளை அது தின்றுகொண்டிருக்கிறது, மறைக்க மாட்டேன். முகம் தெரிந்து, நம்பிக் கொடுக்கிற வேலைகள் இன்னும் ஆளைத் தேடித்தான் வருகின்றன.

சரி, படிப்பு. பாலிடெக்னிக் என்றால் இ.ஏ.இ. எனப்படும் முன்கூட்டிய சேர்க்கை இவளுக்குப் பொருந்தும். உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதுவதற்கு முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்கவேண்டும். படைப்புகளையும் நேர்காணலையும் வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் அப்போதும் வேண்டும், ஆகவே கணக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். 1938ல் தொடங்கிய நாஃபா, 1984ல் தொடங்கிய லாசால் என்ற இரண்டு கலைக் கல்லூரிகளும் தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் 2024ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம். டிப்ளோமாவோடு நிறுத்தாமல் பட்டம் வரை போக உள்ளூரிலேயே வழி இருக்கிறது.

என் கருத்து: டிப்ளோமா முடித்ததும் நேராக ஃப்ரீலான்ஸில் குதிக்கவேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கட்டும். அச்சகத்தோடு எப்படிப் பேசுவது, விலை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ளலாம். சைனாடவுன் சுவர்களில் பழைய சிங்கப்பூரை வரைந்த யிப் இயூ சோங் கணக்காளராக இருந்தவர். 2015ல் சுவரோவியம் வரையத் தொடங்கினார், முழுநேர ஓவியரானது 2018ல். இதைப் படித்ததும் உங்கள் வீட்டுக்காரர் "பார்த்தாயா, முதலில் கணக்கியல் படி" என்று ஆரம்பிப்பார், நான் அதற்காகச் சொல்லவில்லை. வேலையில் இருந்துகொண்டே வரைந்த அந்த இடைப்பட்ட மூன்று வருடத்துக்காகச் சொல்கிறேன்.

இப்போதைக்கு விலை உயர்ந்த டேப்லெட் எதுவும் வாங்கித் தராதீர்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு நல்ல ஓவிய நோட்டு வாங்கிக் கொடுங்கள், போதும். உங்கள் தங்கைக்கு அடுத்த மாதம் வளைகாப்பு என்று போனில் சொன்னீர்களே, அந்த அழைப்பிதழை மகள் வரையட்டும். தேதி குறித்து, 30 வெள்ளி விலை பேசி, இரண்டு திருத்தம் என்று எழுதிக்கொண்டு. உங்கள் தங்கை கொஞ்சம் கறாராகவே இருக்கட்டும், வளையல் நிறம் பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும். நீங்கள் நடுவில் புகுந்து "சின்னப் பிள்ளைதானே, விடு" என்று சொல்லாதீர்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் அதை மட்டும் அனுப்பவேண்டாம். முதல் கிறுக்கல், அடித்த பக்கம், சித்தி எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். இ.ஏ.இ. விண்ணப்பத்தில் வைக்க அந்தப் பக்கங்கள் தேவைப்படும். ஒரு சனிக்கிழமை காலை மூவருமாக வாருங்கள், அப்பாவும்.