முப்பது நிமிடமும் ஈரத் தாளும்

அன்புள்ள சார்,

தஞ்சாவூரில் வங்கி வேலை. பள்ளியோடு விட்டுப்போன வாட்டர் கலரை இரண்டு வருடமாக மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். வீட்டு வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல் அரைமணி நேரம்தான் கிடைக்கும். நானே போனில் எடுத்த படம் ஒன்றைத் திறந்து வைத்து, அலாரம் வைத்துவிட்டு வரைகிறேன். பல நாள் முடிவதில்லை. முடிந்தால் கலர் சேறாகிவிடுகிறது. ஓவியம் படித்த தோழி, "போட்டோவைப் பார்த்து வரைவதே காப்பி, அதில் அலாரம் வேறயா?" என்கிறாள். அலாரத்தை விடவா, போட்டோவை விடவா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் விடவேண்டாம்.

உங்கள் மூன்றாவது படத்தை, டீக்கடைச் சுவரில் சாய்த்து நிறுத்திய சைக்கிளை, நேற்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறீர்கள். பின்சக்கரத்துக்கு வருவதற்குள் அலாரம் அடித்துவிட்டது போலிருக்கிறது. மேல்பாதி வளைவு மட்டும் இருக்கிறது, கீழே வெறும் தாள். ஆனால் தரையில் விழும் நிழலை அதற்கு முன்பே போட்டுவிட்டீர்கள். அதனால் வரையாத அந்தப் பின்சக்கரம்தான் தரையில் ஊன்றி நிற்கிறது. பார்க்கிறவர் கண் மிச்சத்தைப் போட்டுக்கொள்கிறது. கம்பி எண்ணி வரைந்த முன்சக்கரம் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. முடியவில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிற இடம்தான் அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சேறு விஷயத்துக்கு வருகிறேன். நேரம் போதாததால் சேறாகிறது என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் நேரம் மிச்சமிருக்கும்போதுதான் அது நடக்கிறது. வாட்டர் கலருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது: தாளின் ஈரம். வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த கலரைப் பரவலாகப் பூசுவது) அடித்ததும் விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்படி தாளைப் பிடித்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் பளபளவென்று நிற்கும். அப்போது இன்னொரு கலரை விட்டால் அது தானாகப் பரவிக் கலந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பளபளப்பு மங்கும், தாள் மட்டும் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் நீர் அதிகமுள்ள பிரஷ்ஷை வைத்தால் புதுத் தண்ணீர் பாதி காய்ந்த கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும். காலிஃபிளவர் மாதிரி பிசிறுபிசிறாக ஒரு கறை வருகிறதே, அது இதனால்தான். உடனே அதைச் சரிசெய்யத் தேய்க்கிறோம், இன்னொரு கலரைச் சேர்க்கிறோம், அப்புறம் சேறுதான். பளபளப்பு போய்விட்டதா, கையை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காயும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம். காய்ந்தால் கலர் ஒரு படி வெளுக்கும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் அடர்த்தியாகப் போட்டுவிடுவது நல்லது.

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வரைகிறீர்களா? சித்திரை, வைகாசியில் வாஷ் போடும்போது அதை அணைத்துவிடுங்கள், தாள் நம்மைக் கேட்காமலே காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் நேர்மாறு, அரைமணி ஆனாலும் காயாது. அப்போது ஹேர் டிரையர் உதவும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருந்தால் தண்ணீரைத் தாங்கும். மெல்லிய தாள் அலை அலையாகப் புடைத்து, பள்ளத்தில் கலர் தேங்கும். அந்தக் குறையும் உங்கள் கையுடையது அல்ல.

நானும் போட்டோவை வைத்து மூன்று மணி நேரம் வரைந்தவன்தான். வேதாரண்யத்தில் ஒருநாள் உப்பளக் கரையில் உட்கார்ந்திருந்தபோது கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. உப்புக் குவியல்களின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் கிடைத்திருக்கும். வானத்தை ஒரே இழுப்பில் போட்டேன், இரண்டு குவியலுக்கு மட்டும் தாளை வெள்ளையாக விட்டேன், ஓடுகிற ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. அதற்குள் தூறல் வந்துவிட்டது. போனில் படமும் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து நிதானமாக வரைந்தேன். பதினேழு குவியல், பதினேழையும் வரைந்தேன். இரண்டும் வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் முதல் படத்தின் முன்னால் நின்று "மழை வரப்போகுதா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

போட்டோ எல்லாவற்றையும் கொடுக்கிறது. எதை விடுவது என்று அது சொல்லாது. அந்த வேலையை அலாரம் செய்கிறது. உங்களுக்கு அரைமணி நேரம் வேகமாக வரைவதற்காக வேண்டாம், தேர்ந்தெடுப்பதற்காக வேண்டும்.

தோழி சொன்னதில் ஒரு பாதி நியாயம். போன் கேமரா பார்ப்பது போல நாம் பார்ப்பதில்லை. இப்போதைய போன்கள் சில படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, வெயிலும் நிழலும் ஒரே அளவு தெளிவாகத் தெரியும்படி செய்துவிடுகின்றன. நடு வெயிலில் நிற்கும்போது கடைக்குள் இருப்பது நமக்கு அவ்வளவு தெரியாது, படத்தில் டப்பாக்களின் எழுத்துகூடத் தெரியும். உங்கள் பெரிய கோயில் படத்தில் விமானம் ஒல்லியாகிப் பின்னால் சாய்ந்திருக்கிறதே, போனை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்ததால் அப்படி. நேரில் அது எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கும் என்று தஞ்சாவூர்க்காரர் உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். அந்த இடத்தில் போட்டோவை நம்பாதீர்கள், நீங்கள் நின்று பார்த்த ஞாபகத்தை நம்புங்கள். அதனால்தான் நீங்களே எடுத்த படத்தை வைத்து வரைவது சரியான வழி என்கிறேன். ஊர்பேர் தெரியாத படத்தைத் திருத்த நம்மிடம் ஞாபகம் இல்லை.

காப்பி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே பெரிய கோயிலை இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தென்னாட்டுப் பயணத்தில் வரைந்தார்கள். அந்தப் படம் 1798-ல் லண்டனில் அச்சானது. இந்தியப் பயணத்தில் அவர்கள் கேமரா அப்ஸ்க்யூரா வைத்திருந்தார்கள். எதிரே இருப்பதன் பிம்பம் லென்ஸ் வழியாகத் தாளில் விழும், அதன்மேல் கோடு இழுக்கலாம். போட்டோ வருவதற்கு முன்னாலேயே ஓவியர்கள் லென்ஸிடம் உதவி கேட்டிருக்கிறார்கள்.

நேரக் கணக்கும் புதிதில்லை. 1818-ல் யார்க்‌ஷயரில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஆங்கில ஓவியர் டர்னரிடம், போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்று காட்டும்படி ஒரு படம் கேட்டார் வீட்டுக்காரர். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் வரைந்து முடித்துவிட்டார். தாள் நனைந்து ஊறும்வரை கலரை ஊற்றி, கிழிக்கிற மாதிரி சுரண்டி, தேய்த்து வரைந்தாராம். எதிரே கப்பல் கிடையாது. ஆனால் அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் கடலையும் கப்பலையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர்.

சரி, இன்று இரவு என்ன செய்யலாம்? அதே சைக்கிள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் பிரஷ்ஷைத் தொடவேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தீப்பெட்டி அளவில் பென்சிலால் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றாகப் பிரித்து ஒரு சின்னப் படம். அப்புறம் போனைக் கவிழ்த்துவிட்டு அந்தச் சின்னப் படத்தைப் பார்த்து வரையுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் போனைத் திருப்பலாம். பெரிய பிரஷ் ஒன்று போதும், பத்தாம் நம்பர். கலர் இரண்டே இரண்டு: அல்ட்ராமரின் ப்ளூ, பர்ன்ட் சியன்னா. சேர்த்தால் நல்ல சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் நிழல், பழுப்பு தூக்கலாக இருந்தால் சுவர். இரண்டு கலரில் சேறு பண்ணுவது கஷ்டம். முதல் வாஷ் காயும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், அதுவும் அரைமணியில் சேர்த்திதான். நிழலைக் கடைசிக்கு ஒதுக்கவேண்டாம், அலாரம் அதைத் தின்றுவிடும்.

ஐந்து இரவு இதே படம். தாளின் பின்பக்கம் தேதியும், அலாரம் அடித்தபோது எதை விட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஐந்தையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அந்தப் பின்சக்கரம் என்ன ஆனது என்று எனக்குப் பார்க்கவேண்டும்.